பழைய அலுமாரியை யார் எடுத்துப்போவார்? கொழும்பில் தளபாடம் ஏற்றுபவர்களைப் பற்றிய ஒரு மதிப்பீடு

தேக்கு அலுமாரியை மட்டும் தனியாக விற்றுவிடாதீர்கள். ஒரு பழைய வீட்டில் கிடக்கும் சாமான்களில் வாங்க ஆள் தேடிவருவது அது ஒன்றுக்குத்தான். அது போன பிறகு கிழிந்த செற்றியையும், ஈரத்தில் ஊதிப்போன சிப்போர்ட் கபேர்ட்டையும், ஆறடி அகல மெத்தையையும் எடுக்க யாரும் காசு தரமாட்டார்கள். நீங்கள்தான் காசு கொடுத்து ஏற்றிவிட வேண்டும். அலுமாரி கையில் இருக்கும்வரை பேரம் உங்கள் பக்கம். "அலுமாரி வேண்டுமென்றால் செற்றியும் மெத்தையும் சேர்ந்துதான் போகும்" என்று சொல்லலாம். அலுமாரி படியிறங்கிய நிமிடத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்த மதிப்பீடு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் தனியாக வாழும் முதியவர்களுக்காகவும், கனடாவிலோ லண்டனிலோ இருந்து தொலைபேசியில் இந்த வேலையைச் செய்விக்கும் பிள்ளைகளுக்காகவும் எழுதப்பட்டது. கொழும்பில் இதற்கென்று ஆறு வழிகள் இருக்கின்றன: பழைய தளபாடம் வாங்குபவர், இணைய விளம்பரம், வாடகை லொறி, பழைய இரும்புக்காரர், மாநகர சபை, தானமாகக் கொடுப்பது. எது அதிக விலை தருகிறது என்று நாம் முதலில் பார்க்கவில்லை. சொன்ன நாளில் வருகிறார்களா, அறைக்குள் வந்து தாங்களே தூக்குகிறார்களா, போகும்போது எதையும் விட்டுவிட்டுப் போகாமல் இருக்கிறார்களா என்று பார்த்தோம். முழங்கால் வலியோடு தனியாக இருப்பவருக்கு இந்த மூன்றும் விலையைவிடப் பெரியவை.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன மரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்க வருபவருக்கு அது ஒரு பார்வையில் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய லாபம். முகப்பைப் பார்க்காதீர்கள், அங்கே பொலிஷ் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒரு லாச்சியை வெளியே இழுத்துத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். அடிப்பலகையும் பின்பக்கமும் பொலிஷ் படாமல் இருக்கும். பலா புதிதில் மஞ்சள், வயதாக ஆகக் கருஞ்சிவப்புக் கலந்த மண்ணிறம். கீறினால் உள்ளே மஞ்சள் தெரியும். தேக்கு நேர்கோட்டு இழை, தொட்டால் லேசான எண்ணெய்ப்பசை, கீறிய இடத்தில் தோல் மாதிரி ஒரு வாசனை. முதிரை பொன்மஞ்சள், வெளிச்சத்தில் பட்டுத்துணிபோல மின்னும், அளவுக்கு மீறிய பாரம். மஹோகனி சிவப்பு, தேக்கைவிடக் கொஞ்சம் லேசு. முகப்பு மட்டும் தேக்கு, பின்பலகையும் லாச்சி அடியும் வேறு மலிவு மரம் என்பது மிகச் சாதாரணம். அதை மோசடி என்று நினைக்க வேண்டாம், அந்தக் காலத்திலும் அப்படித்தான் செய்தார்கள். பலகையின் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். விரலால் சுரண்டும்போது துகள் உதிர்ந்தால் சிப்போர்ட்.

பழைய மரம் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் மொறட்டுவைப் பக்கத்துச் சிங்களவர்கள். தச்சுத் தொழிலுக்கும் தளபாடத்துக்கும் பெயர்போன ஊர் அது. பழைய பலகையைச் சீவி, வெட்டி, மறுபடி கட்டில் மேசையாக்கும் பட்டறைகள் அங்கே நிறைய. ஆகவே மூன்று நான்கு சொற்கள் கைவசம் இருப்பது நல்லது. தேக்குக்கு அவர்கள் "தேக்க" என்பார்கள், பலாவுக்குக் "கொஸ்", முதிரைக்குப் "புருத". "பரண லீ படு" என்றால் பழைய மரச்சாமான். "கொஸ்" என்று உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால், பலா அலுமாரியை "சாதா லீ" என்று சொல்லி விலை குறைக்கும் பேச்சு அநேகமாக வராது.

பூச்சியையும் அவர் வருவதற்கு முன் நீங்களே பாருங்கள். கால்களுக்குக் கீழே வெளிர்நிறத்தில் மாவுபோலப் புதிய தூள் இருந்தால் வண்டு உள்ளே இன்னும் வேலை செய்கிறது. துளைகள் மட்டும் இருந்து, கூட்டித் துடைத்த பின் ஒரு வாரத்துக்குத் தூள் விழவில்லை என்றால் அது பழைய கதையாக இருக்கக்கூடும். சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தில் மண் கோடு இருந்தால் கறையான். அந்தப் பலகையைக் குத்தினால் திருகாணி முனை உள்ளே போய்விடும். இதற்கெல்லாம் மருந்தடித்து விற்கலாம் என்று செலவு செய்யாதீர்கள், அந்தச் செலவு விலையில் திரும்பி வராது. உக்கின பலகை எது என்று நீங்களே முதலில் காட்டிவிட்டால், அதைச் சாட்டாக வைத்து மொத்த விலையையும் இறக்கும் தந்திரம் பலிக்காது.

இனி ஆட்களைப் பற்றி.

பழைய தளபாடம் வாங்குபவர்தான் தனியாக வாழும் முதியவருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது. லொறியும் அவருடையது, தூக்கும் ஆட்களும் அவருடையவர்கள். கழற்றும் வேலையும் அவருக்குப் பழக்கம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: பொறுக்குவார். தொலைபேசியில் "எல்லாம் எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, வந்து நல்லதை மட்டும் ஏற்றிக்கொண்டு, "மிச்சத்துக்கு நாளைக்கு லொறி அனுப்புகிறேன்" என்று போவார். அந்த நாளை வராது. இதற்கு மருந்து, வருவதற்கு முன்பே எல்லாச் சாமானையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பி, மொத்தத்துக்கும் ஒரே விலை கேட்பது. "அலுமாரி எவ்வளவு, மேசை எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேட்டால், தனித்தனியாக எடுக்கும் வழியை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். வந்த பிறகு ஏற்றும் ஒழுங்கையும் நீங்கள் சொல்லுங்கள்: மெத்தை முதலில், செற்றி அடுத்தது, சிப்போர்ட் பிறகு, தேக்கு கடைசி. லொறியில் இடம் போதாவிட்டால் அவர் இரண்டாவது நடை வருவது அலுமாரிக்காகத்தான். மெத்தைக்காக ஒருவரும் திரும்பி வருவதில்லை.

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இருவர் அருகருகே ஒரு விலை சொல்லி, மூன்றாமவர் இரண்டு மடங்கு சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். வீட்டுக்குள் வந்து நின்றபிறகு "படத்தில் இப்படித் தெரியவில்லையே" என்று பாதியாக இறக்குவதற்கான விலை அது. அந்த நேரத்தில் அலுமாரி பாதி கழன்று கிடக்கும், ஆட்கள் நடுவீட்டில் நிற்பார்கள், தனியாக இருப்பவர் "சரி, கொண்டுபோங்கள்" என்றுதான் சொல்வார். ஆகவே பணம் கைக்கு வந்தபிறகே முதலாவது திருகாணி கழல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழில் தெரிந்த வாங்குபவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

இக்மன், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரியான இணைய விளம்பரங்களில் கிடைக்கும் விலை பெரும்பாலும் கூட. ஆனால் தனியாக இருக்கும் முதியவர் தன் எண்ணைப் போட்டு இதைச் செய்வதை நாம் விரும்பவில்லை. ஒரு நாளைக்கு இருபது அழைப்பு, பார்க்க வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், பார்த்துவிட்டு "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனவர்கள், வீட்டின் உள்ளமைப்பைப் பார்த்துக்கொண்டு போகும் முன்பின் தெரியாதவர்கள். விளம்பரத்தை மகனோ மகளோ தங்கள் பெயரில், தங்கள் எண்ணில் போட வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் வட்சப் போதும். எழுத வேண்டியவை: நீளம், அகலம், உயரம் அங்குலத்தில், மரம், எத்தனையாம் மாடி, லிப்ட் இருக்கிறதா, கழற்றுவதும் இறக்குவதும் வாங்குபவர் பொறுப்பு என்ற வரி, கடைசித் திகதி. படங்கள் ஐந்து: முன்பக்கம், பின்பக்கம், திறந்த கதவு, லாச்சியின் அடி, பழுதான இடம். பழுதைக் காட்டாத விளம்பரம் வீண் நடைகளைத்தான் கொண்டுவரும். தமிழில் மட்டும் எழுதாமல் சிங்களத்திலும் இரண்டு வரி போடுங்கள். "இரண்டு மாடி, லிப்ட் இல்லை" என்பதை மறைத்துவிட்டு விற்கப் பார்ப்பவர்கள் அனைவரும் வாசலில் சண்டையில்தான் முடிக்கிறார்கள்.

பண விஷயத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. வங்கி மாற்றத்தின் ஸ்கிரீன்ஷொட் பணம் அல்ல. வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் செஃப்ட்ஸ் முறையில் வந்த பணம் உடனே கணக்கில் தெரியும். தெரியவில்லை என்றால் வரவில்லை. "கூரியர் மூலம் பணம் அனுப்புகிறோம், இந்த இணைப்பில் உங்கள் கார்ட் இலக்கத்தைப் போடுங்கள்" என்று வருவது களவு, வேறொன்றும் இல்லை. பணத்தைப் பெறுபவர் ஓடிபி, அதாவது வங்கி தொலைபேசிக்கு அனுப்பும் இரகசிய இலக்கத்தை, யாருக்கும் சொல்லத் தேவையே கிடையாது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைக்கலாம்.

வாடகை லொறி, நீங்களே ஓர் இடத்துக்கு அனுப்பும்போது மட்டும் சரி: உறவினர் வீட்டுக்கு, முதியோர் இல்லத்துக்கு, ஏற்கனவே வாங்கச் சம்மதித்த கடைக்கு. எங்கே இறக்குவது என்று முடிவு செய்யாமல் "எங்கேயாவது போட்டுவிடுங்கள்" என்று லொறியை அழைப்பது பெரும் தவறு. அந்த எங்கேயாவது ஒரு கால்வாய்க் கரையாகவோ வெறுங்காணியாகவோ இருக்கும். அலுமாரிக்குள் உங்கள் பெயர் போட்ட மின்சாரக் கட்டணச் சீட்டு ஒன்று கிடந்தால் தேடி வருவது உங்களை.

அளவைப் புரிந்துகொள்ளுங்கள். எல்லோரும் டிமோ பட்டா என்று சொல்லும் டாட்டா ஏஸின் பின்பெட்டி ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். கழற்றிய ஒரு அலுமாரி, ஒரு கட்டில், ஒரு மெத்தை, நான்கு கதிரை இதற்குள் அடங்கும். மூன்று இருக்கை செற்றியும் சாப்பாட்டு மேசையும் சேர்ந்தால் அடங்காது. பத்தரை அடி லொறி கேளுங்கள். ஒரு முழு வீட்டுக்குப் பதினாலரை அடி. பட்டாவில் இரண்டு நடை போவதைவிடப் பத்தரை அடியில் ஒரே நடை பெரும்பாலும் மலிவு. முதியவருக்கு அந்த இரண்டாவது அரை நாள் காத்திருப்பும் இல்லாமல் போகும். கூடாரம் இல்லாத லொறியானால் படங்கு இருக்கிறதா என்று கேளுங்கள். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை. சிப்போர்ட்டும் மெத்தையும் ஒருதரம் நனைந்தால் எடுப்பார் இல்லை.

பிக்மீ மாதிரி அப் வழியாகவோ, சந்தியில் நிற்கும் லொறியாகவோ எடுத்தாலும், சாரதி மட்டும்தான் வருவார் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தூக்க ஆள் தனியாகப் பேச வேண்டும். எத்தனை ஆள், எத்தனையாம் மாடி, கழற்றுவது சேர்த்தா, காத்திருப்புக்கு எப்படிக் கணக்கு, இறக்கும் இடத்தில் மாடி ஏற்றுவது சேர்த்தா என்ற ஐந்தையும் முன்பே கேட்டு, பதிலை வட்சப்பில் எழுத்தாக வாங்குங்கள். "ஆள் இரண்டு பேர்" என்று பேசி, ஒருவர் மட்டும் வந்து "வீட்டுக்காரர் ஒரு கை பிடியுங்கள்" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. எழுபது வயதில் அந்த ஒரு கை, இடுப்பு எலும்பு முறிவில் முடியக்கூடும். பிடிக்கவேண்டாம். லொறி திரும்பிப் போனாலும் பரவாயில்லை.

மாதக் கடைசியில் லொறி கிடைப்பது சிரமம், வாடகை வீடு மாறுபவர்கள் எல்லாம் முதலாம் திகதியைப் பார்த்துத்தான் மாறுவார்கள். மாத நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ சொல்லிவையுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களையும், வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கமானால் காலி வீதியில் ஆடிவேல் ரதம் ஓடும் நாட்களையும் தவிருங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் லொறிக்கு முன் முகாமைத்துவத்தோடு பேச வேண்டும். சாமான் வெளியே போக எழுத்து மூல அனுமதி இல்லாமல் காவலாளி வாசலைத் திறக்கமாட்டார். பல இடங்களில் ஞாயிறும் போயா தினமும் அனுமதி இல்லை, லிப்டுக்குத் திரும்பத்தரும் வைப்புப்பணம் கேட்பார்கள். லிப்டை அளவுநாடாவோடு அளந்து பாருங்கள். எட்டுப் பேர் ஏறும் லிப்டின் வாசல் பொதுவாக 80 சென்ரிமீற்றர், உள்ளே 110க்கு 140. இரண்டு கதவு அலுமாரி நான்கடி அகலம், இரண்டடிக்குள் ஆழம் என்றால் பக்கவாட்டில் நின்றபடி போகும், மேல் முகப்பைக் கழற்றினால். ஆறடி அகல மூன்று கதவு அலுமாரி கழற்றாமல் போகவே போகாது. ஐந்தடி ஸ்பிரிங் மெத்தையை மூலைக்கு மூலை சாய்த்துச் சிரமப்பட்டு ஏற்றலாம். ஆறடி மெத்தை படியால்தான். படி வளைவில் கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அகலத்தை அளந்து சொல்லுங்கள். வந்தவர்கள் "இது இறங்காது" என்று கைவிட்டுப்போவது அநேகமாக அந்த வளைவில்தான்.

அலுமாரியைக் கழற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் செய்யப்போவதில்லை, ஆனால் சரியாகச் செய்கிறார்களா என்று கதிரையில் இருந்தபடி பார்க்கலாம்.

பழைய மர அலுமாரிகளில் பல, கழற்றிப் பூட்டவென்றே செய்யப்பட்டவை. மேல் முகப்பு தனித் துண்டு, மேலே தூக்கினால் வரும். லாச்சிகள் முதலில், பிறகு தட்டுகள், பிறகு கதவுகள். கதவைக் கழற்றும்போது ஒருவர் கதவின் பாரத்தைக் கீழிருந்து தாங்க, மற்றவர் பிணைச்சல் ஆணிகளைக் கீழிருந்து மேலாகக் கழற்ற வேண்டும். மேலே உள்ளதை முதலில் கழற்றினால் கதவு முன்னுக்குச் சாய்ந்து கீழ்ப் பிணைச்சலைப் பிய்த்துக்கொண்டு வரும். பித்தளைத் திருகாணிகளுக்கு வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அகலத்தில் ஸ்க்ரூ ட்ரைவர் வேண்டும். சிறியதைப் போட்டுத் திருகினால் வெட்டு மழுங்கி, ஆணி அப்படியே நின்றுவிடும். இறுகியிருந்தால் ஒரு துளி எண்ணெய் விட்டு, தலையில் மெல்லத் தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்துப் பிறகு திறக்கும் பக்கம் திருப்ப வேண்டும். பின்பலகைகள் தவாளிப்பில் செருகியிருக்கும். ஒன்றை மேலே இழுத்தால் மற்றவை வரிசையாக வரும். கடைசியில் மேல் சட்டமும் அடிச் சட்டமும் பக்கப்பலகைகளோடு மர ஆப்பால் பூட்டப்பட்டிருந்தால், ஆப்பை மெல்லிய முனைப் பக்கத்தில் தட்டி எடுக்க வேண்டும். சுத்தியலால் பக்கப்பலகையை அடிக்கத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள், அவருக்கு ஆப்பு எங்கே என்று தெரியவில்லை. கட்டில் என்றால் நீண்ட போல்ட்டுகள் காலுக்குள் போயிருக்கும், சில வேளை மரமூடியால் மறைத்திருப்பார்கள். கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரு பையில் போட்டு அதே கட்டிலின் சட்டத்தில் கட்டிவிட வேண்டும். போல்ட் தொலைந்த கட்டில் வெறும் பலகை விலைக்குத்தான் போகும்.

ஆளுயரக் கண்ணாடி பதித்த கதவுதான் மிக ஆபத்தானது. பழைய கண்ணாடி தடிப்பும் பாரமும் கூடியது, உடைந்தால் வாள்போலத் துண்டாகும். முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, மட்டைப்பெட்டி அட்டை வைத்துச் சுற்றி, நிறுத்தியபடியே தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் வெடிக்கும். லொறியிலும் நிறுத்தித்தான் கட்ட வேண்டும்.

சிப்போர்ட் கபேர்ட் வேறு சாதி. அதன் மூட்டுகளில் உள்ள வட்டப் பூட்டுகளைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினால் பலகை தாங்காது. ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு கழற்றினால் ஓட்டை உதிர்ந்து, மறுபடி பூட்டினாலும் ஆடும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அடிப்பலகை ஊதியிருப்பது சாதாரணம். அதை விற்க முயன்று நாட்களைக் கழிக்காதீர்கள். கதவுப் பிணைச்சல்களும் கைப்பிடிகளும் தேவைப்படும் தச்சுப் பாஸ் யாராவது சும்மா எடுத்தால் அதுவே பெரிது.

இரும்பு அலுமாரி, இரும்புக் கட்டில், பழைய ஃபிரிட்ஜ், வோஷிங் மெஷின் ஆகியவற்றுக்குப் பழைய இரும்புக்காரர் போதும். வீதியால் போகிறவரைக் கூப்பிட்டால் அன்றே போய்விடும், கிலோவுக்குக் காசும் தருவார். ஆனால் அவரை வீட்டுக்குள் உடைக்க விடவேண்டாம். ஃபிரிட்ஜில் செம்புக் குழாயையும் கொம்பிரசரையும் வெட்டி எடுத்துக்கொண்டு வெறும் கூட்டை வாசலில் விட்டுப் போவதுதான் வழக்கமான தொல்லை. குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் வாயுவும் வெளியேறும். முழுதாகத் தூக்கினால் மட்டும் கொடுங்கள். வெளியே காத்திருக்கும் ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றிவிடுங்கள், பக்கத்துப் பிள்ளைகள் உள்ளே புகுந்தால் மூச்சு அடைக்கும்.

மெத்தைதான் எல்லோரையும் தோற்கடிப்பது. கறை பட்டதை யாருக்கும் தானமாகக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. புது மெத்தை வாங்குவதானால், பழையதை எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் சலுகை உள்ள கடையில் வாங்குங்கள். தள்ளுபடி குறைவாக இருந்தாலும் சரி. "பழையதை மாடியிலிருந்து நீங்களே இறக்குவீர்களா" என்று கடையில் கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மெத்தை என்றால் துணியையும் பஞ்சையும் வெட்டி நீக்கிக் கம்பியை இரும்புக்காரரிடம் கொடுக்கலாம், ஒருவருக்கு அரை நாள் வேலை. இலவம்பஞ்சு மெத்தையை வீட்டுக்குள் வைத்துப் பிரிக்க வேண்டாம், தூசு நெஞ்சை அடைக்கும். மூட்டைப்பூச்சி இருந்தால் அறைக்குள்ளேயே பொலித்தீனால் சுற்றி ஒட்டியபிறகுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் நடைபாதை முழுக்க விதைத்துக்கொண்டு போகும்.

மாநகர சபையைப் பற்றிப் பலருக்கும் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. நாளாந்தக் குப்பை லொறி செற்றியை ஏற்றாது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து உயிர்களைக் குடித்த பிறகு, குப்பையைத் தரம்பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது கண்டிப்பானது. பெரிய சாமானுக்கு உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மாநகர சபை அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லி, கட்டணம் உண்டா, எந்த நாள், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். எந்தச் சபை என்பதிலும் கவனம்: வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபை, தெஹிவளை வேறு மாநகர சபை, கொலன்னாவை நகர சபை. அவர்கள் எடுப்பது பெரும்பாலும் வாசலில் இருந்துதான், அறையில் இருந்து அல்ல. ஆகவே முதியவருக்கு இது கடைசி வழி. வரும்வரை சாமானை முற்றத்தில் மழையில் போட்டுவைப்பதும் கூடாது. தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கு வைக்கலாம். பின்வளவில் கொளுத்துவதை நினைக்கவே வேண்டாம், சிப்போர்ட் பசையின் புகையும் ஃபோம் புகையும் நுரையீரலுக்கு நஞ்சு.

தானம் கொடுப்பவர்கள் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். முதியோர் இல்லங்களுக்குப் பெரிய தேக்கு அலுமாரி தேவையில்லை, வைக்க இடமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒற்றைக் கட்டில், கைப்பிடியுள்ள உறுதியான கதிரை, சக்கர நாற்காலி, கொமோட் கதிரை, கழுவக்கூடிய உறை போட்ட மெத்தை. இவை சொன்ன அன்றே போகும். வீட்டு வேலைக்கு வருபவருக்கு ஒன்றைக் கொடுப்பதானால் லொறிக் காசையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் கொடுப்பது அவருக்குச் சுமையை மாற்றிவிடுவது. யாழ்ப்பாணத்தில் சகோதரருக்கு அனுப்ப நினைப்பவர்கள், புறக்கோட்டையிலிருந்து வடக்கே சரக்கேற்றும் லொறிகளில் மிச்ச இடத்துக்கு விலை கேட்டுப் பாருங்கள். தனி லொறியைவிட மிகவும் குறையும், ஆனால் சாமான் சாக்கும் பழைய போர்வையும் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும், கண்ணாடி போகக்கூடாது.

எந்த வழியானாலும், லொறி வருவதற்கு முதல் நாள் எல்லா லாச்சியையும் முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால், லாச்சிக்கு அடியில், இரும்பு அலுமாரியின் உள்லொக்கரில், மெத்தைக்குக் கீழே. காணி உறுதி, வங்கிப் புத்தகம், அடகு ரசீது, சிறு நகைகள் இப்படித்தான் போகின்றன. போன பிறகு வாங்கியவரிடம் கேட்டுப் பயனில்லை. சாமானை எல்லாம் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, மற்ற அறைகளைப் பூட்டிவிடுங்கள். பாரமானதை இழுக்க வேண்டாம், அந்த அறைக் கதவு மட்டும் திறந்திருந்தால் போதும். பக்கத்து வீட்டவர் ஒருவர் கூட இருக்கட்டும். "தனியாகத்தான் இருக்கிறீர்களா அம்மா" என்று யார் கேட்டாலும், "மகன் பின்னேரம் வந்துவிடுவான்" என்பதே பதில்.

ஒழுங்கும் முக்கியம். புதிய ஒற்றைக் கட்டில் வந்து பூட்டி, ஓர் இரவு அதில் படுத்துப் பார்த்த பிறகே பழைய கட்டில் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்து, புதியது வராமல் தரையில் படுத்தவர் காலையில் எழும்ப முடியாமல் போவார்.

எதைக் கொடுக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பிடி உள்ள, இருக்கை பதினெட்டு அங்குலம் அளவில் உயரமான பழைய மரக் கதிரையை விற்காதீர்கள். புது சோபாக்களில் பல தாழ்வானவை, முழங்கால் பலமற்றவரால் எழும்ப முடியாது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: தனியாக இருக்கும் முதியவர் இரவில் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும்போது எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று பாருங்கள். கட்டில் கால்மாட்டுச் சட்டம், பிறகு அலுமாரியின் மூலை, பிறகு மேசை. கண்ணை மூடியே அந்த வழி அவர் கைக்குத் தெரியும். அலுமாரி போன அன்று இரவு, இருட்டில் கை அந்த மூலையைத் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. லொறிக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு பாஸைக் கூப்பிட்டு, அந்தச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியை, ரோல் பிளக் போட்டுச் செங்கல்லில் இறுகப் பூட்டச் சொல்லுங்கள். வழியில் ஓர் இரவு விளக்கும் வேண்டும். பகலில் அலுமாரி இருக்கும்போதே ஒரு வாரம் அந்தக் கம்பியைப் பிடித்து நடந்து பழகட்டும்.